பூனை ஏற வீட்டிலேயே மரம், மேடை, தூண் செய்த நம்ம செட்டிநாட்டு ஊர்க்காரர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செக்காலை மங்கு அம்மா

எல்லாரும் செய்து முடித்த பூனை மரத்தைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். சாமான் தேடிப் போன இடத்தில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

எங்கள் வீடு மாமனாரின் ஐயா கட்டியது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்த சுவர். அதில் ஆணி அடித்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஓட்டைக்கு உள்ளங்கை அகலம் பெயர்ந்து வரும். அதனால் சுவரில் பலகை மாட்டுகிற பேச்சே இல்லை. தரையில் தானாக நிற்கிற மாதிரி ஒன்று, அதற்கு நடுவே ஒரு நல்ல கட்டை. காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன்.

கடைசியாக ஏறியது ஒரு சின்னக் கடை. வாசலில் எனாமல் சட்டி, பீங்கான் ஜாடி. உள்ளே போனால் ஆள் நுழைய முடியாத அளவுக்கு மரம். ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பூ வேலை செய்த ஒரு தூண் துண்டை எடுத்து விலை கேட்டேன். எதற்கு என்றார். பூனைக்கு என்றேன்.

எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்பச் சாத்தி வைத்தார். சரி, விலை கொடுத்து வாங்காத ஆள் என்று நினைத்துவிட்டார், கிளம்பலாம் என்று திரும்பினேன். பின்னாலிருந்து குரல்: “பூனை என்ன எடை இருக்கும்?”

நாலு கிலோ என்றேன். “நின்னு சோம்பல் முறிச்சா எம்புட்டு உசரம் வரும்?” கையால் காட்டினேன். உள்ளே போனார். வெகுநேரம் மரம் உருட்டும் சத்தம். வந்தபோது கையில் ஒரு பழைய கொசுவலைக் கட்டிலின் கால். பூ வேலை ஒன்றும் இல்லை, ஒரு பக்கம் நீளமாக வெடிப்பு, ஆனால் கனமான கனம். அதைத் தரையில் நிறுத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மேலே தூக்கி, விரல்களை மடக்கி, நகத்தால் மேலிருந்து கீழே சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தார். தோள்பட்டை இறங்கியது, முதுகு வளைந்தது. அப்படியே பூனை. எண்பது வயது இருக்கும் மனிதருக்கு.

“முழு நீளத்துக்கு இழுக்கணும். பாதியில பலகை தட்டுச்சுன்னா மறுபடி வராது” என்றார். நகத்தில் ஒட்டிய பழைய வார்னிஷ் தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் மனதில் போட்டிருந்த விலையில் பாதிகூடக் கேட்கவில்லை.

“ஐயா வீட்டுல பூனை இருக்கா?” என்றேன். “இல்ல” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்புறம் ஆசாரி அந்தக் காலைக் கழுந்து வைத்து அடிப்பலகையில் இறக்கினார், மேலே இரண்டு தட்டு, பாதி உயரத்துக்குக் கயிறு. மங்கு முதல் நாளே ஏறிவிட்டாள். அது இருக்கட்டும். பூனை வளர்க்காத ஒருவருக்கு அந்த இழுப்பு எப்படித் தெரியும்? அவரிடம் வேறு யாராவது மரம் வாங்கியிருக்கிறீர்களா?

தேவகோட்டை ஏழாம் பங்கு

அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியாது. ஆனால் கட்டில் காலில் ஆணி அடித்தா கயிறு சுற்றினீர்கள்? அது பர்மா தேக்காக இருந்தால் வயிறு எரிகிறது எனக்கு. நிற்க.

பூனைக்கு எந்த மரம், என்ன அளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் கண்டாங்கிக்கு (உடம்பு முழுக்கக் கண்டாங்கிச் சேலைக் கட்டம் மாதிரி கோடு, அதனால் அந்தப் பெயர்) முதலில் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் ஒரு மூலையில்தான் மரம் வைத்தோம். ஒரு தடவை மோந்து பார்த்ததோடு சரி. நேராக, முற்றமும் தூண்களுமான வளவுக்கு வந்து, முகப்பிலிருந்து நுழைந்ததும் வலது கைப் பக்கம் நிற்கிற முதல் தூணில் நகத்தைப் போட்டது. அந்தத் தூண் எனக்கு மட்டும் சொந்தம் இல்லை. வீடே பதினோரு பங்கு. ஒரு பல்பு மாற்றினால்கூட யாராவது போன் பண்ணிக் கேட்பார்கள்.

முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். எங்கள் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) ஒரு பழக்கம். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டே நடப்பார். சின்ன வயதிலிருந்து அப்படித்தானாம். முதல் தூணில் கை கீழே இறங்கி, முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. குனிந்தார். கண்ணாடியை மாட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. பின்னால் ஆச்சிமார்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“எத்தன பூனை வச்சிருக்க?”

“ஒண்ணுதான் பெரியப்பச்சி.”

“ஒரு பூனை பண்ண வேலை இல்ல இது” என்று என் விரலைப் பிடித்துத் தூணில் வைத்தார். கண்டாங்கியின் கீறல் வெளுப்பாக, மேலாகத் தெரிந்தது. அதற்கு ஒரு விரற்கடை கீழே வேறு கீறல்கள். ஆழமானவை, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போனவை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். “இது எங்க ஆத்தா வளத்த பூனை. நெல் அம்பாரத்துல எலி வரும்னு வச்சிருந்தாக. அதுவும் இந்தத் தூணைத்தான் பிறாண்டும்” என்றார். இத்தனை தூண் இருக்க இரண்டு பூனையும் ஒரே தூணுக்கு ஏன் வந்தது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

காரணம் இருக்கிறது. பூனையின் பாதத்தில் வாசனைச் சுரப்பி உண்டு. பிறாண்டுவது நகத்தின் மேல்தோலைக் கழற்றுவதற்கு மட்டும் இல்லை, இது என் இடம் என்று வாசனையும் அடையாளமும் போட்டு வைப்பதற்கும்தான். யாரும் போகாத மூலையில் போர்டு வைத்து என்ன பயன்? வாசலில் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுகிற தூண் அதுதான். ஆகவே மரத்தைத் தூக்கி வந்து அந்தத் தூணை ஒட்டியே நிறுத்தினேன். தூணுக்குக் கொஞ்ச காலம் கோணிச்சாக்கு சுற்றி வைத்தேன். கண்டாங்கி இப்போது மரத்தில்தான் பிறாண்டுகிறது.

மூலையில் வைத்துவிட்டுப் பூனைக்குப் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைப் படியுங்கள்.

கழனிவாசல் மாடி

நீங்கள் எல்லாரும் வளவு, தூண் என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு வாய்த்தது மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. பெர்ஷியன் பூனை. மைத்துனர் மதுரையிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக ஆறடி உயரத்துக்குச் செய்தார். உச்சியில் குடிசை மாதிரி ஒரு பெட்டி, உள்ளே வெல்வெட்டு மெத்தை. மார்கழியில் பூனை அதை விட்டு இறங்கவே இல்லை. சித்திரை பிறந்தது. ஒரு மத்தியானம் பூனையைக் காணோம். வீடெல்லாம் தேடினோம். கடைசியில் குளியலறையில், ஈரத்தரையில், நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நாய் அப்படி மூச்சு வாங்கினால் சாதாரணம், பூனை வாங்கினால் ஆபத்து என்று எனக்கு அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லித் தெரியும். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி அந்தப் பெட்டிக்குள் கையை விட்டார். சட்டென்று வெளியே எடுத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. அன்று சாயந்திரமே ரம்பத்தை எடுத்து மரத்தைப் பாதியாக வெட்டினார்.

வெயில் காலத்தில் கான்கிரீட் கூரைக்கு அடியில் சூடு தேங்கும். பழைய வீட்டு உயரமும் ஓட்டுக்கூரையும் உள்ளவர்களுக்கு இது புரியாது. இப்போது கீழ்த்தட்டில் மெத்தைக்குப் பதில் மீந்துபோன ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றைப் பதித்திருக்கிறோம். மே மாதம் முழுக்க அதில்தான் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுக்கிறது.

சிங்கம்புணரி கயிறு

நான் பூனை வளர்க்கவில்லை. கயிறு வியாபாரம். ஒரு ஆச்சி போன் பண்ணி, “தம்பி, உங்க கயித்தப் பூனை தின்னா என்ன ஆகும்?” என்று கேட்டார்கள். கிணற்றுக்கு, மாட்டுக்கு, பந்தலுக்கு, தேருக்கு என்று கேட்பார்கள். தின்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுக் கயிற்றை ஒரு முழம் பிரித்து உட்கார்ந்து பார்த்தேன். அதுதான் என் அனுபவம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே கயிறு சுற்றியதைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர என்ன கயிறு என்று ஒருவரும் சொல்லவில்லை.

தேங்காய் நார்க் கயிறு மலிவு, இங்கேயே கிடைக்கும், நகத்துக்கு நல்ல பிடிமானம். ஆனால் நார் குட்டையானது, சீக்கிரம் உதிரும். பிறாண்டப் பிறாண்டத் தரையில் தவிட்டு நிறத்தில் தூள் விழும். நக்கித் தின்கிற பூனையாக இருந்தால் கவனம் வேண்டும். கடையில் விற்கிற பூனை மரங்களில் இருப்பது கற்றாழை நார், சைசல் என்பார்கள். அதன் நார் நீளம், அவ்வளவு உதிராது, விலை கூட. நைலான் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். நகம் அதில் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும், பூனை பதறி இழுக்கும். பழைய கிணற்றுத் தாம்புக்கயிறு இருந்தால் அருமை, ஆனால் பாசி பிடித்ததை நன்றாக வெயிலில் போட்டு எடுங்கள். எதுவாக இருந்தாலும் எண்ணெய் வாடை அடிக்கிற கயிறு வேண்டாம். சில கயிறுகளுக்குத் திரிக்கும்போதே எண்ணெய் போடுவார்கள்.

எவ்வளவு வாங்குவது? நாலு அங்குலப் பிவிசி குழாயை வைத்துச் சொல்கிறேன். வெளிச்சுற்று ஏறக்குறைய 35 செ.மீ. பத்து மில்லி மீட்டர் கயிறு என்றால் ஒரு சுற்று ஒரு சென்டிமீட்டர் உயரத்தை அடைக்கும். 90 செ.மீ. உயரத்துக்கு 90 சுற்று. கயிற்றின் தடிமனையும் சேர்த்தால் 34 மீட்டர் ஓடும், 35 வாங்குங்கள். ஆறு மில்லி மீட்டர் கயிறு என்றால் 150 சுற்று, 55 மீட்டருக்குக் குறையாது. இதைக் கணக்குப் பண்ணாமல் பத்து மீட்டர் வாங்கிப்போய், பாதிக் குழாய் மொட்டையாக நிற்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

சுற்றும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழாயை உருட்ட வேண்டும், இன்னொருவர் கயிற்றை விறைப்பாகப் பிடித்துக் காலால் மிதித்துக் கொடுக்க வேண்டும். நாலு சுற்றுக்கு ஒரு தரம் சுத்தியலால் கீழே தட்டி நெருக்குங்கள். சுற்றுக்குச் சுற்று வெள்ளைப் பசை தடவுங்கள். முனையை ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்தாதீர்கள், அது கழன்றால் பாதத்தில் ஏறும். குழாயில் ஓட்டை போட்டு முனையை உள்ளே விட்டு முடிச்சுப் போடுங்கள்.

தேவகோட்டைக்காரரே, கட்டில் காலில் ஆணி அடித்தாரா என்று கேட்டீர்கள். மரத்திலும் இதே முறைதான், துளை போட்டு முளை அடித்தால் ஆணி வேண்டாம்.

கொத்தமங்கலம் கழி

இவ்வளவு கணக்கா? எங்கள் கொல்லைக்குப் பின்னால் தைலமரம் வெட்டினார்கள். கை கனத்துக்கு நாலு கழி கேட்டு வாங்கி, பழைய நெல் பெட்டியின் மூடியைத் தட்டாக வைத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். மூன்று பூனையும் ஏறுகின்றன. பட்டையைக்கூட உரிக்கவில்லை, அதை உரிப்பதுதான் அவற்றுக்கு விளையாட்டே. காசு ஒரு பைசா செலவில்லை.

ஒன்று மட்டும் மறக்க முடியவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டப் என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் மூன்று பூனையும் மூன்று திசையில், வால் ஒவ்வொன்றும் பாட்டில் கழுவுகிற பிரஷ். நடுக்கழி மேலிருந்து கீழே பிளந்து நிற்கிறது. அதில் யாரும் ஏறவே இல்லை அப்போது!

ஊசி போடுகிறவர்

கொத்தமங்கலம், பச்சைத் தைலமரம் காயும்போது அப்படித்தான் பிளக்கும், முறுக்கும். நிழலில் போட்டுக் காய வைத்திருக்க வேண்டும். தைல எண்ணெய் பூனைக்கு நஞ்சு. எண்ணெய் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது, கட்டையில் சொற்பம், அதனால் பயமுறுத்தவில்லை. ஆனால் இலையோடு கிளையோடு வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். என் மனதில் நிற்பது ஒரு பழைய அலமாரி. அதைப் படுக்கவைத்துப் பிரித்துப் பூனைக்கு அடுக்குமாடி செய்திருந்தார்கள், பிரமாதமான வேலை. அந்த வீட்டுப் பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காது துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம், அப்புறம் மீசை, அப்புறம் முதுகுத் தோல். அந்தத் துடிப்பை வேறு எதிலும் பார்த்ததில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “மரத்துக்கு மருந்து அடிச்சீங்களா?” என்பதுதான். அடித்திருந்தார்கள், கரையானுக்கு.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். பழைய மரம் வாங்கினால் உளுத்திருக்கிறதே என்று கண்டதையும் அடிக்காதீர்கள். பெர்மெத்ரின் போன்ற பூச்சி மருந்துகளை மனுசன், நாய் எல்லாம் ஓரளவு செரித்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வேலை சரியாக வராது. பினாயிலும் அப்படியே. தரை துடைத்த ஈரத்தில் நடக்கும், பாதத்தை நக்கும், உள்ளே போய்விடும். நாய்க்கு விற்கிற உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கதையை ஆரம்பித்தால் நிற்காது.

மரம் உளுத்திருந்தால் அந்தத் துண்டை அறுத்து எறியுங்கள். மீதியை நல்ல வெயிலில் போடுங்கள். பூச்சு தேவை என்றால் ஆசாரிகள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத் துணியால் தேய்ப்பார்களே, அதைப் போடலாம், ஆனால் வாடை முழுக்கப் போகும்வரை பூனையை அண்டவிடாதீர்கள். பெயிண்டு கூடவே கூடாது என்று சொல்லவில்லை, பிறாண்டுகிற இடத்தில் வேண்டாம். பழைய கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்த மரத்தைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அதை உலர்வாகச் சுரண்டவும் வேண்டாம், அந்தத் தூசி உங்களுக்கும் கெடுதல், மூக்கில் துணி கட்டினால் போதாது.

செக்காலை ஆச்சி, உங்கள் கட்டில் காலில் வார்னிஷ் தூசி என்றீர்கள். கயிற்றுக்கு மேல் தெரிகிற பகுதியை ஒரு தடவை உப்புத்தாள் போட்டு இழைத்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் காவல்

நான் இருப்பது வேறு ஒருவர் வீடு. காவலுக்கு எங்கள் அப்பா, அவருக்குப் பிறகு நான். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் மலேசியா. வருடத்தில் பத்து நாள் திறந்தால் அதிகம்.

வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் சாமான் அறைக்கு மேலே பரண். அங்கே ஒரு நாட்டுப் பூனை குட்டி போட்டது. சுவரை ஒட்டி அடுக்கிய பெட்டிகள் மேல் ஏறித்தான் அது போகும் வரும். ஒரு நாள் பங்கு வீட்டார் வந்து அந்தப் பெட்டிகளை எடுத்துப்போய்விட்டார்கள். பூனை மேலே, தாழ்வாரம் கீழே, நடுவில் ஒன்றும் இல்லை.

கீழே நின்று பார்த்தேன். தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. ஒரு முன்னங்காலை இறக்கிச் சுவரில் வைத்தது. வெள்ளைக்கருச் சுவரைத்தான் தெரியுமே, கண்ணாடி மாதிரி. கால் வழுக்கி விழப் பார்த்தது, சட்டென்று பின்வாங்கியது. அப்புறம் திரும்பி, பின்பக்கமாக இறங்கப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் காற்றில் துழாவின. பிடிக்க ஒன்றும் இல்லை. மேலே குட்டிகள் கத்துகின்றன. அந்தப் பின்னங்கால் துழாவியது இருக்கிறதே, அதுதான் கண்ணை மூடினால் வருகிறது.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. கல்யாணக் கொட்டகைக்குக் கட்டுகிற மூங்கில் ஏணி ஒன்று கிடந்தது, அதைச் சாய்த்தேன். ஏணிக் கம்பு பூனைக்குச் சரிவரவில்லை, கால் நடுவே போய்விடுகிறது. ஒவ்வொரு கம்பின் மேலும் பழைய பனையோலைத் தட்டியை மடித்துக் கட்டினேன், அதற்கு மேல் சாக்கு. படி மாதிரி ஆயிற்று. ராத்திரியே இறங்கி வந்து பால் குடித்துவிட்டு ஏறிப்போயிற்று.

பூனை ஏறுவதற்குத்தான் எல்லாரும் செய்கிறீர்கள். ஏறுவது அதற்கு ஒரு விஷயமே இல்லை. நகம் பின்பக்கமாக வளைந்திருக்கிறது, மேலே போகும்போது பிடிக்கும், தலைகீழாக இறங்கும்போது பிடிக்காது. இறங்கத்தான் வழி வேண்டும்.

மலேசியாவிலிருந்து பெரிய ஆச்சி வீடியோவில் வீட்டைக் காட்டச் சொன்னார்கள். ஏணியை மறைக்க நேரம் இல்லை. என்னப்பா அது என்றார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. “நான் வர்ற வரைக்கும் அதை எடுக்காதே. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு” என்றார்கள். பிற பங்காளிகள் கேட்கவும் செய்தார்கள். ஏணி அங்கேயேதான் இருக்கிறது.

செக்காலை மங்கு அம்மா

தேவகோட்டை அண்ணே, ஆணி அடிக்கவில்லை. ஆசாரி மூங்கில் முளைதான் அடித்தார். வயிறு எரிய வேண்டாம். ஊசி போடுகிறவருக்கு நன்றி, உப்புத்தாள் போட்டாயிற்று.

ஆனால் ஒன்று. தூணை ஒட்டி வைத்தேன் என்கிறீர்களே, எங்கள் வீட்டில் அப்படி வைத்தால் ஆத்தங்குடிக் கல்லில் சறுக்கிக்கொண்டு போகிறது. அடிப்பலகைக்குக் கீழே சைக்கிள் டியூப் ஒட்டினேன், சறுக்கல் நின்றது, கல்லில் கறுப்புத் தடம் விழுந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

தேவகோட்டை ஏழாம் பங்கு

அம்மிதான். மிக்ஸி வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்த அம்மியை அடிப்பலகை மேல் தூக்கி வைத்தேன். நகராது, ஆடாது. குழவியையும் பக்கத்திலேயே வைத்தேன், கண்டாங்கி அதில் தலையை வைத்துப் படுக்கிறது. அஞ்சடி மரத்துக்கு அடிப்பலகை இரண்டடிக்கு இரண்டடி குறையாமல் இருக்கட்டும். கீழே ரப்பர் ஒட்டுகிறவர்கள் கறுப்பைத் தவிர்த்து, வெள்ளை ரப்பர் மிதியடியை வெட்டி ஒட்டுங்கள். அம்மியைத் தூக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு கதை.

புதுவயல் மில்

படிக்கப் படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. எங்கள் அரிசி ஆலையில் பூனைக்கு யாரும் மரம் செய்ததில்லை. மூட்டை அடுக்குதான் அதற்கு மலை. எலி பிடித்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் தவிடு என்று ஒரு கிழட்டுப் பூனை உண்டு. பின்னங்கால் ஒன்று பெல்ட்டில் மாட்டிப் போனது, அது நான் பொறுப்புக்கு வருவதற்கு முந்தின கதை. மூன்று காலில் கீழேயே சுற்றும். லோடுமேன் ஒருவர், பேர் வேண்டாம், பூனையைக் கண்டாலே “ச்சீ போ” என்று துண்டை வீசுகிற ஆள். சாயந்திரம் லாரி போன பிறகு கணக்கு எழுத உள்ளே வந்தேன். அவர் தனியாக மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார். அடுக்குகிறவர்கள் செங்குத்தாகத்தான் அடுக்குவார்கள். இவர் ஓரத்து மூட்டைகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப் படிக்கட்டு மாதிரி வைத்திருக்கிறார். எழுபத்தைந்து கிலோ மூட்டை ஒவ்வொன்றும். என்னண்ணே இது என்றேன். திரும்பிப் பார்க்காமல், “சரியாம இருக்கத்தான்” என்றார். மேல் மூட்டையில் தவிடு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் லோடு ஏறினால் அந்தப் படி போய்விடும். சாயந்திரம் மறுபடி வைப்பார். நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அவருக்கு மூட்டு வலி என்று எனக்குத் தெரியும். பொறுக்க மாட்டாமல் நானே ஒரு பலகையைச் சாய்த்து நிரந்தரமாகப் போட்டேன், குறுக்கே சட்டம் அடித்து, மேலே சாக்கு சுற்றி. அவர் பார்த்துவிட்டு, “சாய்மானம் சாஸ்தி” என்று கீழ் முனையை ஓரடி தள்ளி வைத்துவிட்டுப் போனார். அது சரியாக இருந்தது.

உயரம் உயரம் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன், வயதான பூனைக்கு மூட்டு தேயும். அதற்கு ஆறடி மரம் எதற்கு? படுத்த சாய்வில் ஒரு பலகை, முடிகிற இடத்தில் வெளியே வேடிக்கை பார்க்க ஒரு ஜன்னல், போதும். கானாடுகாத்தான் தம்பி சொன்னதுதான் சரி, இறங்குகிற வழியைப் பாருங்கள்.

சாக்கில் ஒரு தொல்லை. இழை பிரிந்து தவிட்டின் நகம் மாட்டுகிறது. இருப்பதே மூன்று கால், அதிலும் ஒன்று மாட்டினால் உருண்டுவிடும். சிங்கம்புணரிக்காரரே, வேறு என்ன போடலாம்?

சிங்கம்புணரி கயிறு

நார் மிதியடி போடுங்கள், வாசலில் கிடக்குமே, அது. குச்சம் குச்சமாக நிற்கிற ரகம் வேண்டாம், தட்டையாக நெய்த ரகம். இழை பிரியாது, கால் வழுக்காது. விளிம்பை மட்டும் பலகைக்கு அடியில் மடித்து ஆணி அடியுங்கள், மேலே ஆணித்தலை தெரியக்கூடாது. பலகையின் நீள அகலத்தைச் சொல்லுங்கள், வெட்டு விழுந்த துண்டு கடையில் கிடக்கிறது, புதுவயல் வண்டி வரும்போது கொடுத்துவிடுகிறேன்.